தனிப் பெண்களுக்கு ரூம் இல்லை

சரக்கு எடுக்க வரும் வெளியூர்க்காரர்களை ரயிலடியில் இருந்து கூட்டி வரும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: சனிக்கிழமை சாயங்காலம் பிராந்திக் கடை இருக்கிற சந்துகளுக்குள் போகாதீர்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பொழுது சாயும்போது அந்தக் கடை வாசல்களில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு யாரையாவது அடித்தே ஆகவேண்டும். ஒரு ராஜஸ்தான் வியாபாரி நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். மறுநாள் காலை லாட்ஜுக்குப் போனபோது மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது. யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அடித்தவனுக்கும் தெரிந்திருக்காது.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். எந்த லாட்ஜில் தண்ணீர் வரும், எதில் மூட்டைப்பூச்சி, சப்பாத்தி எங்கே கிடைக்கும், காதர்பேட்டையில் எந்த வரிசையில் நல்ல பனியன், எந்த வரிசையில் ஒரே துவையலில் முழங்காலுக்கு இறங்கிவிடும் பனியன், ஞாயிற்றுக்கிழமை எங்கே போய்ப் பொழுதைப் போக்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதுதான் என் பிழைப்பு. அப்போதெல்லாம் காதர்பேட்டையில் ஒரு நடை நடந்தால் மார்வாடி கேட்கும், குஜராத்தி கேட்கும், மலையாளம் கேட்கும். எப்போதாவது ஒரு வெள்ளைக்காரர், சாயத் தண்ணீர் ஓடும் நொய்யல் பாலத்தைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவார். இத்தனை பேருக்கும் ஊரைக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்கு இந்தி தெரியும்.

முதல் அடி வாங்கியதும் அந்த இந்தியினால்தான்.

என் அப்பா தாராபுரத்துப் பக்கத்துக்காரர். ரயில்வே வேலை கிடைத்து நாக்பூர் போனவர். நான் அங்கே ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தேன். வீட்டுக்குள் கொங்குத் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. எண்பதுகளின் நடுவில் என்னை மங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் இல்லை. வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. கணவரும் அவருடைய அண்ணனும் தறி ஓட்டினார்கள். பகலும் இரவும் அந்தச் சத்தம்தான். அந்தத் தெருவில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசினாலும் காதில் விழாது.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் வடக்கில் இருந்து கம்பளி விற்க ஒருவர் வந்தார். பல மாதம் கழித்து இந்தி காதில் விழுந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். எந்த ஊர், எப்போது கிளம்பினார் என்றெல்லாம் கேட்டேன். அவர் ஏதோ சொன்னார், நான் சிரித்தேன். அவர் போன பிறகு கணவர் கேட்டார்.

“என்ன சொன்னான் அவன்?”

“வெலைதானுங்க கேட்டேன்.”

“வெலைக்கு எதுக்குடி சிரிப்பு?”

பதில் சொல்வதற்குள் கன்னத்தில் விழுந்தது. நான் பேசியது அவருக்குப் புரியவில்லை, அதுதான் கோபம். அதற்குப் பிறகு வந்த அடிகளையும் இப்போது நினைத்துப் பார்த்தால், அவருக்குப் புரியாத ஏதோ ஒன்று ஒவ்வொன்றின் முன்னாலும் இருந்தது. நான் செய்தித்தாள் படித்தது, நாக்பூர் தோழியின் பெயரைச் சொன்னது, ஒருநாள் சும்மா ஜன்னலோரம் நின்றது. மாமியார் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பார். “அவங்கப்பனும் இப்படித்தான் கண்ணு. சித்த நேரத்துல கோவம் எறங்கிரும்” என்பார்.

தறி ஓடிக்கொண்டிருக்கும்போது அடித்தால் வெளியே கேட்காது. அதை அவர் தெரிந்துதான் வைத்திருந்தார். கோபம் வந்தால் கொட்டகைக்குள் கூட்டிப்போய்த்தான் அடிப்பார். ஒருமுறை அப்படி அடித்துக்கொண்டிருந்தபோது கரண்டு போய்விட்டது. ஊர் முழுக்கத் தறிகள் ஒரே நொடியில் நின்றன. நான் அதைக் கவனிக்கவில்லை. என் அலறல் மட்டும் தெருவின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை போயிற்று. என் குரல் எவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. அவர் கையை ஓங்கியபடியே நின்றார். எதிர்வீட்டு வாசலில் மூன்று பெண்கள் நின்று பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

ஊருக்குக் கேட்டுவிட்டது என்பதுதான் மாமியாருக்கு அவமானம். அடுத்த வாரமே அவராகவே சொன்னார்: “பகல்ல நீ இங்க இருக்க வேண்டாஞ் சாமி. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு அல்லாரும் போறாங்க. நீயும் போ.” போனேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும், அரைமணி நேரத்துக்கு யாரும் என்னை அடிக்க முடியாது என்பதுதான் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம்.

கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் டெல்லியில் இருந்து வந்த வியாபாரி முதலாளியின் அறையில் கத்திக்கொண்டிருந்தார். புரோக்கர் வரவில்லை. முதலாளிக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. நான் கதவருகே போய், “அண்ணா, கழுத்துப் பட்டி ரிப் துணி நிறம் மாறிருச்சுன்னு சொல்றாருங்க” என்றேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அன்றிலிருந்து வடக்கே இருந்து யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார். முதலில் பேச்சை மாற்றிச் சொல்வதற்கு, பிறகு லாட்ஜ் பார்த்துக் கொடுப்பதற்கு, பிறகு அவர்களோடு கடைகளுக்குப் போவதற்கு. வேலை முடிந்து வீட்டுக்குப் போக நேரமாகும். நேரமானால் கணவர் கொட்டகைக்குள் கூப்பிடுவார். நான் கைநீளமான ரவிக்கைகள் தைத்துக்கொண்டேன்.

வருபவர்களைச் சாப்பிட வைக்க எனக்கு ஓர் இடம் இருந்தது. காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், சாத்தூர்ப் பக்கத்தில் இருந்து வந்த ஓர் அக்கா மெஸ் நடத்தினாள். கிறிஸ்தவப் பெண். கணவன் பட்டாசு ஆலை விபத்தில் இறந்ததும் இங்கே வந்தவள். கீழே நான்கு பெஞ்சு, பின்கட்டில் அடுப்பு, மாடியில் ஓர் அறை. அவளுடைய மீன்குழம்புக்குக் காதர்பேட்டையில் மூட்டை தூக்கும் தெற்கத்தி ஆட்கள் அத்தனை பேரும் வருவார்கள். கடன் சொன்னால் கரண்டியைக் காட்டுவாள். ஒருவன் பரிமாறும் பெண்ணின் இடுப்பைக் கிள்ளியபோது, அவன் சாப்பிட்ட இலையை எடுத்து அப்படியே அவன் முகத்தில் அப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

கல்கத்தாவில் இருந்து ஓர் அம்மாள் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு அவருடைய பனியன் கடையைத் தானே நடத்துபவர். தரகர்களை நம்பாமல் நேரில் பார்த்துச் சரக்கு எடுக்கத் தனியாக ரயிலேறி வந்திருந்தார். வெள்ளைச் சேலை, ஒரு தோல் பை, தடித்த கண்ணாடி. அக்கா என்ற பொருளில் நான் அவரைத் தீதி என்று கூப்பிட்டேன். இந்தியில்தான் பேசிக்கொண்டோம்.

முதலாளி சொல்லி வைத்திருந்த லாட்ஜுக்கே கூட்டிப்போனேன். மேனேஜர் தீதியை மேலும் கீழும் பார்த்தார்.

“தனியா வர்ற லேடீசுக்கு ரூம் இல்லீங்க.”

“பெரிய பார்ட்டிங்க. கம்பெனில இருந்து சொல்லியிருக்குதுங்களே.”

“கம்பெனிக்காரரு அவரு ஊட்டுல தங்க வெச்சுக்கட்டுமுங்க. நாளைக்குப் போலீஸ் வந்தா ஆருங்க பதில் சொல்றது? எப்படிப்பட்ட பொம்பளைன்னு எனக்கு என்னுங்க தெரியும்?”

தீதி என்னைப் பார்த்தார். “என்ன சொல்கிறான்?”

ரூம் காலி இல்லை என்கிறார் என்றேன். தீதி மேனேஜரின் தலைக்குப் பின்னால் பலகையில் வரிசையாகத் தொங்கிய சாவிகளைக் கையால் காட்டினார். பிறகு பையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் இங்கேதான் இருப்பேன் என்று சொல்.”

நான் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. மேனேஜர் எழுந்து வந்து பையைத் தூக்கி வாசல்படியில் எறிந்தார். பைக்குள் கண்ணாடிச் சாமான் ஏதோ உடையும் சத்தம் கேட்டது. தீதியின் கையைப் பிடித்து இழுத்தார். தீதி குனிந்தார். கீழே விழப்போகிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றத்தான் குனிந்திருந்தார். மேனேஜரின் கன்னத்தில் பளீரென்று விழுந்தது. மேனேஜர் ஒரு நொடி திகைத்துவிட்டு, தீதியின் கொண்டையைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினார்.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. கொண்டையைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டைக் கடித்தேன். பல் இறங்கியது. வாயில் உப்புக் கரித்தது. அதுவரை நான் ஓர் ஆணைத் திருப்பித் தொட்டதே இல்லை. அவர் அலறிக்கொண்டு கையை உதறினார். ரூம் பையன்களும் சத்தம் கேட்டு நின்றவர்களும் எங்களை வாசலுக்குத் தள்ளினார்கள். தெருவில் நின்று தீதி நெற்றி ரத்தத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். “பசிக்கிறது” என்றார்.

மெஸ்ஸில் அக்கா தீதியின் நெற்றியைப் பார்த்தாள்.

“லாட்ஜுக்காரன் அடிச்சானா?”

“ஆமாங்க அக்கா.”

“இந்தம்மா திருப்பி அடிச்சாகளா?”

“செருப்பாலைங்க.”

“அப்ப உக்காரச் சொல்லு தாயி. சோத்தப் போடுதேன்.”

அன்று அணையில் பிடித்த ரோகு மீன். தீதி ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். தன் ஊர் மீனை இங்கே எதிர்பார்க்கவில்லை. முள்ளை நாக்காலேயே ஒதுக்கி அவர் சாப்பிட்ட வேகத்தை மூட்டைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தார்கள். அக்கா மாடி அறையைத் திறந்து கொடுத்தாள். அதில் வெங்காய மூட்டைகளும் ஒரு கட்டிலும் இருந்தன.

அந்த வாரம் முழுக்கத் தீதியோடு சுற்றினேன். காதர்பேட்டையில் அவர் பனியனை இரண்டு கையாலும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, தையலை நகத்தால் கீறிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் கடைக்காரரின் மடியிலேயே எறிந்துவிடுவார். ஒரு கடையில் சண்டை முற்றி, கடைப்பையன் முழக்கோலை ஓங்கிவிட்டான். நான் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் சொன்ன கெட்ட வார்த்தைகளை நல்ல வார்த்தைகளாக மாற்றிச் சொல்லி ஓய்ந்தேன். அந்தக் கடையிலேயே கடைசியில் சரக்கும் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஊர் சுற்ற வேண்டும். முதலாளி கார் அனுப்பினார். வீட்டில் கம்பெனியில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். உடுமலை தாண்டி அமராவதி அணைக்குப் போனோம். அங்கே முதலைப் பண்ணை உண்டு. தொட்டிகளில் முதலைகள் வாயைத் திறந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காவலாள் இறைச்சித் துண்டை எறிந்ததும், அதுவரை மரக்கட்டைபோல் கிடந்தவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டு பாய்ந்தன. ஒன்றின் முன்காலை மற்றொன்று வாயில் கவ்விச் சுழற்றியது. பார்க்க வந்த குடும்பங்கள் கைதட்டின.

நான் முகத்தைத் திருப்பினேன். அப்போது சேலை விலகிக் கழுத்தில் கன்றியிருந்த தடம் தெரிந்திருக்க வேண்டும்.

“அது யார் செய்தது?” என்று கேட்டார் தீதி.

“வீட்டுக்காரர்.”

“நீ என்ன செய்வாய்?”

“சத்தம் போடாமல் இருப்பேன்.”

தீதி தன் இடது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஒரு வாரமாக அவரோடு சுற்றியும் நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

“என் வீட்டுக்காரர் இறந்து காரியம்கூட முடியவில்லை. அவருடைய தம்பிகள் கடையைப் பூட்ட வந்தார்கள். நான் வாசல்படியில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கையை எடு என்றார்கள். எடுக்கவில்லை. ஷட்டரை இறக்கினார்கள்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? கடை என்னிடம் இருக்கிறது.”

இருவரும் வறுத்த கடலை வாங்கித் தின்றோம். கிளம்பும்போது தொட்டியோரம் மங்கலத்துத் தறிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு நிற்பதைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் மெஸ்ஸில் நல்ல கூட்டம். நானும் தீதியும் உள்பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் என் கணவரின் குரல் கேட்டது. முன்பெஞ்சில் இருந்தவரிடம் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்: “ஏனுங்க, மங்கலத்துக்காரி ஒருத்தி இங்க சோறு திங்க வர்றாளாமுங்களே, பாத்தீங்களா?”

அந்த ஆள் காட்டுவதற்கு முன்பே கணவர் என்னைப் பார்த்துவிட்டார். நேராக வந்தார். கையில் தறி நாடா இருந்தது. இழைக்கு நடுவே இங்குமங்கும் ஓடுமே, அந்த மரக்கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும்.

“டேமுல முதலை பாத்தயாமா? எந்தச் சேட்டுகூடடி போன?”

“இவிகளோடதானுங்க…” என்று தீதியைக் காட்டக் கையைத் தூக்கினேன். நாடா என் இடது காதின்மேல் இறங்கியது. வலிக்கு முன்னால் ஒரு சத்தம் வந்தது. மங்கலத்துத் தறிகள் எல்லாம் மண்டைக்குள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தது போன்ற சத்தம். அடுத்தது தாடையில். இலைமேல் கவிழ்ந்தேன். சோறு சிவப்பானது. மூன்றாவது அடி முதுகில்.

அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் இலையை ஓரமாக இழுத்துக்கொண்டு, “புருசம் பொண்டாட்டி வெவகாரம், நாம என்னத்தச் சொல்றதுங்க” என்றார். அந்தக் குரல் எனக்கு வலது காதில் மட்டும் கேட்டது.

தீதி எச்சில் கையோடு எழுந்து என் கணவரின் சட்டையைப் பிடித்தார். பெங்காலியில் என்னவோ கத்தினார். கணவர் ஒரே தள்ளாகத் தள்ளினார். தீதி சுவரில் மோதி உட்கார்ந்தார். அவர் மறுபடி நாடாவை ஓங்கினார். அப்போதுதான் பின்கட்டில் இருந்து அக்கா வந்தாள். சோறு வடித்துக்கொண்டிருந்தவள், கஞ்சிச் சட்டியோடு அப்படியே வந்திருந்தாள்.

“ஏலே, யாரு வீட்டுல வந்து யார அடிக்க?”

அவர் திரும்பினார். அவள் சட்டியைக் கவிழ்த்தாள். இடுப்பில் இருந்து பாதம்வரை கொதிக்கும் கஞ்சி. அவர் போட்ட கூச்சலைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. தரையில் விழுந்து வேட்டியைப் பிய்த்தார். வேட்டியோடு தோலும் வந்தது. நான் இலைமேல் தலை வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்துவது இந்தத் தெருவுக்குக் கேட்கும் என்று நினைத்தேன். இரக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஆண்கள் பக்கம் அவரைப் படுக்க வைத்தார்கள். பெண்கள் பக்கம் எனக்குக் காதிலும் தாடையிலும் தையல் போட்டார்கள். தையல் போட்ட நர்ஸ், “கீழ விழுந்துட்டீங்களா?” என்று கேட்டபடியே எழுதத் தயாரானாள். “இல்லீங்க. அடிச்சாரு” என்றேன். முதன்முறையாக வெளியாளிடம் சொன்னேன். அவள் எழுதினாளா என்று பார்க்கவில்லை.

வெயில் இறங்குவதற்குள் மங்கலத்தில் இருந்து டெம்போவில் வந்துவிட்டார்கள். கணவரின் அண்ணனும் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும். தையல் போட்டுத் திரும்பிய நான் மெஸ்ஸின் உள்ளே பாயில் படுத்திருந்தேன். அண்ணன் வாசலில் நின்று கூப்பிட்டார்.

“ஏனுங்கம்மா, எங்கூட்டுப் புள்ளைய அனுப்பிப்போடுங்க. உங்களோட எங்களுக்கு எந்தப் பேச்சும் இல்லீங்க. அனுப்பலீன்னா கடைய ஒடச்சுப் போடுவமுங்க.”

“அனுப்ப மாட்டேன். ஒடைச்சுப் பாரு” என்றாள் அக்கா.

உடைத்தார்கள். பெஞ்சுகளைத் தூக்கித் தெருவில் போட்டார்கள். குழம்புச் சட்டி, தண்ணீர்ப் பானை, சுவரில் இருந்த ஏசு படம், எல்லாம் போயின. குறுக்கே போன அக்காவின் கையில் ஒருவன் இரும்புக் கம்பியால் அடித்தான். கை முறிந்த சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. நான் எழுந்தேன். தலை சுற்றியது. மீன் வெட்டும் அரிவாள்மணை அடுப்பருகே கிடந்தது. பலகையோடு தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அண்ணன் உள்ளே ஒரு கால் வைத்திருந்தார்.

“மாமா, கால எடுங்க” என்றேன்.

“கண்ணு, அதைக் கீழ வையி.”

“எடுக்கலீன்னா வெட்டிப்போடுவனுங்க மாமா.”

அந்த நிலையிலும் வாய் ‘ங்க’வை விடவில்லை. ஆனால் வெட்டியிருப்பேன். அது அவருக்கும் தெரிந்தது. காலை எடுத்தார். அதற்குள் மூட்டைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். மத்தியானம் நான் அடிபடும்போது இலையைப் பார்த்துக் குனிந்திருந்த அதே ஆட்கள். இப்போது அடிபட்டது அவர்களுக்குச் சோறு போடுகிற கை. மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கிகளோடு டெம்போக்காரர்கள்மேல் விழுந்தார்கள். சந்து முழுக்கச் செருப்பும் கல்லும் உடைந்த ஓடும். அண்ணனின் தலை பிளந்தது. ஒருவன் சாக்கடையில் முகம் குப்புறக் கிடந்தான். பூட்ஸ் சத்தத்தோடு போலீஸ் வந்து, அடித்தவன் அடிபட்டவன் என்று பார்க்காமல் எல்லோரையும் லத்தியால் விளாசிய பிறகுதான் சண்டை நின்றது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு தரப்பையும் ஒரே சுவரோரம் நிற்க வைத்தார். “ரெண்டு பக்கமும் கேஸ் போட்டா ரெண்டு பக்கமும் உள்ள போவீங்க. கஞ்சி ஊத்துனதும் கொலை முயற்சிதான். பேசி முடிச்சுக்குங்க” என்றார். முதலாளியும் வந்தார். என்னைத் தனியாக அழைத்து, “ஊட்டுக்குப் போயிரு கண்ணு. நம்ம கம்பெனி பேரு அடிபடுது” என்றார்.

“போகலீங்கண்ணா.”

“அப்ப கம்பெனிக்கும் வர வேண்டாம்.”

“செரிங்கண்ணா.”

இரண்டு பக்கமும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். நான் மங்கலத்துக்குப் போகவில்லை. தீதி அடுத்த நாள் ரயிலேறினார். பிளாட்பாரத்தில் என்னிடம், “அந்த லாட்ஜுக்காரன் கை சீழ் பிடித்திருக்கும். மனிதப் பல் விஷம்” என்று சொல்லிச் சிரித்தார். நான் தாடை வலியில் சிரிக்க முடியாமல் அழுதேன்.

அக்காவின் கை கோணலாகத்தான் சேர்ந்தது. என் இடது காது கேட்காமலே போயிற்று. இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று நல்ல கைகளும் ஒரு கோணல் கையும் இருந்தன. அதை வைத்து மெஸ்ஸைத் திரும்ப நடத்தினோம். மூட்டைக்காரர்களே பெஞ்சு அடித்துக் கொடுத்தார்கள். மாடி அறையில் இருந்த வெங்காய மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டுக் கட்டில்கள் போட்டோம். தீதி ஊரில் சொல்லியிருப்பார் போல, தனியாக வியாபாரத்துக்கு வரும் பெண்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். வேலை தேடித் தெற்கே இருந்து வரும் பெண்பிள்ளைகளும் வந்தார்கள். எனக்குத் தாலியைக் கழற்றத் தோன்றவில்லை. வெளியூர்ப் பார்ட்டிகளோடு ஊர் சுற்றும்போது அது கழுத்தில் கிடந்தால் கேள்வி குறைவு. இந்தி பேச ஆளில்லாமல் முதலாளியே சில மாதத்தில் திரும்பவும் ஆள் அனுப்பினார். போனேன்.

கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன். சில வருடம் கழித்து ஒரு காலையில் இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“இங்க தனியா வர்ற பொம்பளைங்களுக்கு ரூம் குடுப்பீங்களாமா, அக்கா.”

“எந்தூரு கண்ணு?”

“மங்கலமுங்க.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “உங்களத் தெரியுமுங்க. அவரு அடிக்கறப்பெல்லாம் உங்க பேரச் சொல்லித்தானுங்க அடிப்பாரு” என்றாள்.

கதவைச் சாத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அக்கா எனக்குப் பின்னால் இருந்து அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். அவள் மாடியில் சில வாரம் இருந்தாள். கண் வீக்கம் வடிந்தது. கீரை ஆய்வாள், பாத்திரம் கழுவுவாள். காதர்பேட்டையில் ஒரு கடையில் அவளுக்கு மடிப்பு வேலைகூடப் பேசி வைத்தேன். வேலைக்குப் போக வேண்டிய நாளில் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, ஊருக்குப் போகிறேன் என்றாள்.

“எதுக்கு?”

“அவரு கால் புண்ணு வெயிலுக்கு மறுபடி வெடிச்சிருச்சாமுங்க. ஆரு பாப்பாங்க?”

பஸ் நிறுத்தம்வரை கூடவே போனேன். போகாதே என்று சொன்னேன். அடிப்பான் என்றேன். கொன்றுவிடுவான் என்றேன். மங்கலம் பஸ் வந்தது. அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“உடுங்கக்கா, வலிக்குதுங்க.”

விட்டேன். அவள் மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. படியேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை அவளைப் பார்த்தேன். மங்கலத்தில் தறியில் துணி நெய்வதைப் பார்க்கவேண்டும் என்று கேட்ட ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவழியாகப் போனபோது, கொட்டகை வாசலில் நின்றாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்க வலது காதை அவள் பக்கம் திருப்பினேன். அப்படியும் கேட்கவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.